ஈறு வெளுக்கிற வரை பல் கிடையாது

போன மாதம் தேனியில் பல் செட்டு கட்டுகிறவர்களின் கூட்டம் ஒன்று நடந்தது. என்னை மூத்தவர் என்று கூப்பிட்டு முன்வரிசையில் உட்காரவைத்துத் துண்டு போர்த்தினார்கள். போர்த்தியது சரி. அதற்குப் பிறகு ஓர் இளம் டாக்டர் மேடையேறித் திரையில் படம் போட்டுக் காட்டினார். எலும்பில் திருகு இறக்கி அதன் மேல் பல் வைக்கிற வைத்தியம் பற்றிய பேச்சு. நல்ல பேச்சுதான், குறை சொல்லவில்லை. நடுவில் ஒரு வார்த்தை சொன்னார் பாருங்கள்: "பல் வைப்பதற்கு முன்னால் எலும்பையும் ஈறையும் தயார் செய்வது என்பதே இப்போது வந்த விஷயம். அந்தக் காலத்தில் பல்லைப் பிடுங்குவார்கள், தகட்டை மாட்டுவார்கள், அனுப்பிவிடுவார்கள்."

கூட்டம் கைதட்டியது. நான் எழுந்து நின்றேன், நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று. பக்கத்தில் இருந்தவர், "பாத்ரூம் அந்தப் பக்கம் அண்ணே" என்று கையைக் காட்டினார்.

வெளியே வந்து டீக்கடையில் நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தேன். சங்கத்துப் பையன்கள் வந்து, "அண்ணே, இங்க கத்துறதை எழுதிக் கொடுங்க, நம்ம ஆண்டு மலர்ல போட்டுருவோம்" என்றார்கள். எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நிறுத்தியவன் எழுத்து இது. பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தில் கை வைக்காதீர்கள்.

என் பெயர் பெருமாள். போடிநாயக்கனூரில் பழைய பஸ்சு ஸ்டாண்டுக்குப் பின்னால் டாக்டர் ஞானமுத்துவின் பல் ஆஸ்பத்திரியில் எழுபதுகளின் தொடக்கத்திலிருந்து பதினேழு வருடம் வேலை பார்த்தவன். அதற்கு முன்னால் ஏலக்காய்க் கடையில் சல்லடை ஆட்டிக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரியில் சேர்ந்தது கூட்டிப் பெருக்கவும் வெந்நீர் போடவும். ஒரு வருடத்தில் பிளாஸ்டர் மாவு கரைத்து அச்சு வார்த்தேன். மூன்றாவது வருடம் முழு செட்டு என் கையால் இறங்கியது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. டாக்டர் சொல்லிக் கொடுக்கிற ஆளே கிடையாது. நான் பார்த்தேன், செய்தேன், கெடுத்தேன், மறுபடி செய்தேன். குரங்கணியிலிருந்து போடிமெட்டு தாண்டி மலையாளம் பேசுகிற தோட்டங்கள் வரைக்கும் நான் கட்டின பல் சோறு தின்றிருக்கிறது. பொட்டிபுரத்தில் ஒரு பெரியவர் என் செட்டை வைத்துக்கொண்டு பந்தயத்துக்குக் கரும்பு கடித்தார். வயது அவருக்கு எழுபத்தைந்து. பந்தயத்தில் அவர்தான் ஜெயித்தார். இதையெல்லாம் பெருமைக்குச் சொல்லவில்லை என்று சொன்னால் பொய். பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பிடுங்கினோம், மாட்டினோம், அனுப்பினோம் என்றார் அந்தத் தம்பி. டாக்டர் ஞானமுத்து எப்படி வேலை பார்த்தார் என்று சொல்கிறேன், கேட்டுக்கொள்ளட்டும்.

பல்லைப் பிடுங்கின உடனே அவர் பல்லைப் பார்க்க மாட்டார். பல் இருந்த குழியின் விளிம்பைத் தடவுவார். எலும்பு விளிம்பு உடைந்த ஓட்டுச்சில்லு மாதிரி கூர்மையாக இருக்கும். அதை அப்படியே விட்டு ஈறு மூடிவிட்டால், மேலே பல் பதித்த தகடு உட்காரும்போது ஈறு ரெண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நசுங்கும். அதனால் நாலைந்து பல் சேர்ந்தாற்போல் எடுத்தால் அன்றைக்கே ஈறை லேசாக ஒதுக்கி, எலும்பு அரத்தை எடுப்பார். அரத்தை முன்னும் பின்னும் ஓட்ட மாட்டார். ஒரே பக்கமாக, தன் பக்கம் இழுத்து இழுத்து. ரெண்டு இழுப்புக்கு ஒரு தரம் உப்புத் தண்ணீர் பீச்சி அலசுவேன். பிறகு ஈறை மூடிவைத்து அதன் மேலேயே விரலை ஓட்டுவார். திறந்த எலும்பைத் தடவினால் விரல் ஏமாறுமாம், மூடித் தடவினால்தான் உண்மை தெரியுமாம். உறுத்தினால் மறுபடி திறப்பார். அளவாகத்தான் எடுப்பார். "எடுத்த எலும்பை என்னால திரும்ப வைக்க முடியாது" என்பார். அப்புறம் கறுப்புப் பட்டு நூலில் தையல். ஏழாம் நாள் தையல் பிரிப்பார்.

அதோடு முடிந்ததா? இல்லை. காத்திருக்க வேண்டும். ஈறு முதலில் செக்கச்செவேல் என்று இருக்கும். பிறகு இளஞ்சிவப்பாகும். பிறகு லேசாக வெளுத்து, அழுத்தினால் அமுங்காமல் நிற்கும். அப்படி வெளுக்கிற வரை அச்சு எடுக்க மாட்டார். ஆறு வாரம், எட்டு வாரம், சிலருக்கு மூன்று மாதம். கன்னத்தில் புகையிலை ஒதுக்குகிற ஆளாக இருந்தால் அதுக்கும் மேலே.

வாரச் சந்தை அன்று பஸ்சு ஸ்டாண்டு ஓரத்தில் ஒரு ஆள் பெட்டியை விரித்து உட்கார்ந்து, இருக்கிற பல்லில் கம்பி சுற்றி ஒரே மணி நேரத்தில் பல் கட்டிவிடுவான். அவனிடம் கட்டிக்கொண்டு ஆறு மாதம் கழித்து எங்களிடம் வருவார்கள். தகட்டைக் கழற்றினால் ஈறு நனைந்த பஞ்சு மாதிரி ஆடும். டாக்டர் அந்தத் தகட்டைத் தாளில் பொதிந்து அவர்கள் கையிலேயே கொடுத்து, "ரெண்டு வாரம் இது வாய்க்குள்ள போகக் கூடாது. காலையும் சாயங்காலமும் உப்புத் தண்ணி. விரலால ஈறைத் தேய்ச்சுவிடு. இறுகினதும் வா" என்பார்.

குரங்கணிக் காப்பித் தோட்டத்து ஆள் ஒருவர் இதைக் கேட்டு அலறினார். "ரெண்டு வாரம் பொக்கை வாயோட இருக்கவா? எம் பொண்டாட்டி சிரிப்பாளே!"

"இப்ப மட்டும் அழுதுக்கிட்டா இருக்கா?" என்றேன் நான். டாக்டர் சிரிக்கவில்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். அதுதான் அவர் சிரிப்பு.

அவரிடம் ரெண்டு வழக்கம் உண்டு. ரெண்டும் இந்தக் கதைக்கு வேண்டும்.

ஒன்று, ஈறைத் தடவும்போது வாயைப் பார்க்க மாட்டார். மூஞ்சியைப் பார்ப்பார். ஈறுக்கு அடியில் எலும்பு முள் இருந்தால் விரல் அதன் மேல் போகிறபோது கண்ணோரம் ஒரு துடிப்பு துடிக்கும். ஆள் "வலிக்கலைய்யா" என்று சொன்னாலும் கண் காட்டிக்கொடுத்துவிடும்.

ரெண்டாவது, மாவு அச்சு. வாயில் மெழுகு வைத்து எடுத்த அச்சுக்குள் மாவை ஊற்றிக் காய்ந்ததும் உரித்தால், அந்த ஆளின் ஈறும் எலும்பும் அப்படியே மாவில் வந்திருக்கும். அதன் மேல்தான் தகடு செய்ய வேண்டும். ஊற்றும்போது காற்றுக் குமிழ் மாட்டினால் அச்சில் சின்னச் சின்னக் கொப்புளம் நிற்கும். அதைக் கத்தியால் சுரண்டிவிடுவோம். ஆனால் எங்கள் ஆஸ்பத்திரியில், டாக்டர் அச்சைக் கையில் வாங்கி, எங்கே எலும்பு துருத்துகிறதோ அங்கே நீலப் பென்சிலால் ஒரு வட்டம் போட்டுக் கொடுத்த பிறகுதான் என் கத்தி படலாம். வட்டத்துக்குள் தொடக் கூடாது. அந்த இடத்தில் தகட்டுக்குள் பள்ளம் விழ வேண்டும், அப்போதுதான் எலும்பின் மேல் அழுத்தாது.

இனி சன்னாசி அண்ணன்.

அவர் போடியில் ஒரு பெரிய ஏலக்காய்க் கடையில் சரக்குப் பார்க்கிறவர். பதினெட்டு வருடச் சோலி. ஏலத்தில் தட்டில் சரக்கு வரும். மூன்று காய் எடுப்பார். ஒன்றைக் காதோரம் ஆட்டுவார். ஒன்றை நகத்தால் கீறுவார். மூன்றாவதை முன்பல்லுக்கு நடுவில் வைத்து மெள்ளக் கடிப்பார். காய்ந்த காய் சடக்கென்று உடையும். ஈரம் இருந்தால் பொதுக்கென்று அமுங்கும். "காது கேக்குறதுக்கு முன்னாடி பல்லு கேட்டுரும் மாப்ளே" என்பார் என்னிடம். நான் சல்லடை ஆட்டின காலத்திலிருந்து பழக்கம். கடித்த பிறகு அவர் மூஞ்சியில் ஒன்றும் தெரியாது. சரக்கு தங்கமாக இருந்தாலும் தவிடாக இருந்தாலும் சுவரைப் பார்க்கிற மாதிரி நிற்பார். தெரிந்தால் எதிர்க்கடைக்காரன் விலையை ஏற்றிவிடுவானே.

ஓர் ஆனி மாதம் தோட்டத்தில் காய் பார்த்துவிட்டு ஜீப்பில் இறங்கி வரும்போது, போடிமெட்டு வளைவில் டிரைவர் பிரேக்கைப் போட, முன்னால் இருந்த இரும்புக் கம்பியில் சன்னாசி அண்ணன் வாய் மோதிவிட்டது. மேல் முன்பல் நாலும் போச்சு. எலும்பும் உடைந்திருந்தது. டாக்டர் தைத்துவிட்டுச் சொன்னார்: "ரெண்டு மாசம் ஆறட்டும். அப்புறம் தடவிப் பார்ப்பேன். முள் இருந்தா திறந்து செதுக்கணும். அதுக்கப்புறம் ஈறு வெளுக்கணும். அப்புறம்தான் பல்லு."

"ஐயா, ஆவணி பொறந்தா சரக்கு எறங்கிருமே."

"சரக்கு இறங்கட்டும். எலும்புக்கு ஆவணி தெரியாது."

ஆவணி பிறந்து ஆறாம் நாள் கடை முதலாளியே வந்துவிட்டார். வெள்ளை வேட்டி, கையில் சாவிக்கொத்து. உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"என்ன டாக்டரே, நாலு பல்லு வைக்க நாலு மாசமா? வீடு கட்டுறவன்கூட இத்தனை நாள் கேக்க மாட்டான். சந்தைக்கு வர்ற பெட்டிக்காரன் ஒரு மணி நேரத்துல கட்டுறான்."

"அப்ப அவன்கிட்ட கூட்டிட்டுப் போங்க. ஆறு மாசம் கழிச்சு நானே பார்க்குறேன்" என்றார் டாக்டர்.

முதலாளி சன்னாசி அண்ணன் பக்கம் திரும்பினார். "இந்தா பாரு சன்னாசி. ஆவணி பத்துல மொத ஏலம். அன்னைக்கு உன் வாயில பல்லு இருக்கணும். இல்லேன்னா எம் மச்சினன் சும்மாதான் இருக்கான், அவன் வந்து நிப்பான். அப்புறம் எங்கிட்ட வந்து மூக்கைச் சிந்தாத."

பதினெட்டு வருடம் அந்த ஆளுக்காகக் காய் கடித்த பல் அது! மலையில் அந்த ஆளின் சோலிக்காகப் போய் உடைந்த பல்! ஓர் ஆறுதல் வார்த்தை இல்லை.

முதலாளி போய்விட்டார். டாக்டர் ரொம்ப நேரம் கண்ணாடியைத் துடைத்தார், இந்தத் தடவை அது சிரிப்பு இல்லை. "சரி. தற்காலிகமா ஒரு தகடு தர்றேன். பேச்சுக்கும் பார்வைக்கும் மட்டும். கடிக்கக் கூடாது. ஏலம் முடிஞ்சதும் வந்து எலும்பைச் சரி பண்ணிக்கணும்" என்று ஈறைத் தடவிப் பார்த்து அச்சு எடுத்தார். அவர் விட்டுக்கொடுத்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

மறுநாள் சொந்தக்காரர் கல்யாணம் என்று மதுரைக்குக் கிளம்பினார். "மாவை ஊத்தி வை. ரெண்டு நாள்ல வந்து குறி போடுறேன்" என்றார். நாளைக் கணக்குப் பார்த்தேன். அவர் வந்து குறி போட்டு, நான் மெழுகு கட்டிப் பல் அடுக்கி, வேகவைத்துத் தேய்த்து முடிக்கிறதற்குள் ஆவணி பத்து வந்துவிடும். அச்சை உரித்தேன். முன்பக்க ஈறு மேட்டில் பாதி மிளகு அளவுக்கு ஒரு கொப்புளம். எத்தனை ஆயிரம் கொப்புளம் பார்த்திருப்பேன்! குமிழ்தான் என்று கத்தியால் ஒரு சீவு சீவினேன். ராவும் பகலும் உட்கார்ந்து தகட்டை முடித்தேன். டாக்டர் பஸ்சை விட்டு இறங்கி வரும்போது பல் மேசையில் மின்னிக்கொண்டிருந்தது. அவ்வளவு நேர்த்தியாக அதற்கு முன் நான் செய்ததில்லை.

அவர் பல்லின் அழகைப் பார்க்கவில்லை. தகட்டைத் திருப்பி உட்பக்கம் விரலை ஓட்டினார்.

"இங்க ஒரு பள்ளம் இருக்கணுமே. அச்சை எங்க?"

தகட்டை வேகவைத்து எடுக்கும்போது அச்சை உடைத்துத்தான் எடுக்க வேண்டும். உடைந்துவிட்டது என்றேன்.

"குறி போடாம ஏன் எடுத்த? எதையும் சுரண்டினியா?"

"இல்லைங்கய்யா. வந்த அச்சு அப்படியேதான்" என்றேன்.

பொய். ஏன் சொன்னேன்? இவ்வளவு அழகாகச் செய்து வைத்திருக்கிறேன், ஒரு வார்த்தை பாராட்டாமல் உட்பக்கத்தைத் தடவுகிறாரே என்ற ஆத்திரம். அது வரை நான் அவரிடம் பொய் சொன்னதில்லை. அதனால் நம்பிவிட்டார். என்னை நம்பித் தன் விரலைச் சந்தேகப்பட்டார். "எனக்குத்தான் முள்ளு மாதிரி பட்டுச்சோ என்னமோ" என்று முணுமுணுத்தார்.

சன்னாசி அண்ணன் வந்தார். நாற்காலியில் சாய்த்து, டாக்டர் மறுபடி அந்த இடத்தில் விரலை வைத்து அழுத்தி, வழக்கப்படி மூஞ்சியையே பார்த்தார். கண்ணோரம் துடிக்கவில்லை. புருவம் அசையவில்லை. தகட்டை மாட்டி அழுத்தினார். அப்போதும் இல்லை. பதினெட்டு வருடம் ஏலத்தில் நின்று பழகின மூஞ்சி! வலிக்கிறது என்று காட்டினால் பல் கிடைக்காது, பல் இல்லாவிட்டால் சோலி கிடையாது. சுவரைப் பார்க்கிற மாதிரி உட்கார்ந்திருந்தார். டாக்டரின் விரலை நான் வாயால் ஏமாற்றினேன். அவர் கண்ணை அந்த மனுசன் மூஞ்சியால் ஏமாற்றினார்.

"கடிக்கக் கூடாது, தெரியுதா?"

"சரிங்கய்யா."

கடிக்காமல் எப்படி இருப்பார்? கடிப்பதுதானே அவர் சோலி!

ஆவணி பத்து ஏலத்தில் சன்னாசி அண்ணன் நின்றார். மூன்று வாரம் நின்றார். வலி பொறுக்க முடியாமல் கிராம்பு எண்ணெயில் பஞ்சை நனைத்துத் தகட்டுக்கும் ஈறுக்கும் நடுவில் திணித்துக்கொண்டு நின்றிருக்கிறார். ஈறு மரத்துப்போச்சு. தகடு பஞ்சின் மேல் மெத்தையில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்தது. அப்புறம் சடக்கு ஏது, பொதுக்கு ஏது? எல்லாக் காயும் ஒரே மாதிரிதான். ஈரச் சரக்கைக் காய்ந்த சரக்கென்று தலையாட்டிவிட்டார். மூட்டை மூட்டையாகப் பூஞ்சணம் பிடித்துவிட்டது.

முதலாளி அவரைச் சட்டையைப் பிடித்து இழுக்காத குறையாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார். வெளியே பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"பாருங்கய்யா உங்க வைத்தியத்தை! இவன் வாயில வச்சது பல்லா, தேங்காச் சில்லா? ஒரு லோடு சரக்கு பாழாப் போச்சு!"

சன்னாசி அண்ணனின் மேலுதடு வீங்கி மூக்கைத் தொட்டது. டாக்டர் தகட்டைக் கழற்றினார். பஞ்சு ஒட்டிக்கொண்டு வந்தது. நாற்றம். ஈறு கிழிந்து, நடுவில் வெள்ளையாக, அரிசி நுனி மாதிரி எலும்பு எட்டிப் பார்த்தது.

அத்தனை பேருக்கு முன்னால் சொன்னேன். "ஐயா, நான்தான் சுரண்டினேன். குமிழுன்னு நினைச்சுச் சுரண்டிட்டு, இல்லைன்னு பொய் சொன்னேன்."

டாக்டர் என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. முதலாளியிடம், "தப்பு என் ஆஸ்பத்திரியோடது. இவர் மேல ஒண்ணும் இல்லை. மூணு மாசம் கொடுங்க, பழைய பல்லை விட நல்லா தர்றேன். இவர் இடத்தை வச்சிருங்க" என்றார்.

"யார் தப்பா இருந்தா எனக்கென்ன? வாய்க்குப் பல்லு கட்டத் தெரியாதவன்லாம் ஆஸ்பத்திரி வச்சிருக்கான். ஏய் சன்னாசி, நாளையிலேர்ந்து நீ வர வேணாம்."

போயே போய்விட்டார். மச்சினன் மறுநாளே வந்து நின்றான். அவனுக்கு ஏலக்காய்க்கும் வேப்பங்காய்க்கும் வித்தியாசம் தெரியாது.

புண்ணும் வீக்கமும் அடங்கப் பத்து நாள். பிறகு டாக்டர் நாற்காலியில் சாய்த்தார். மரக்க ஊசி போட்டார். போடுவதற்கு முன்னால் என்னைப் பார்த்து, "பெருமாள் அவர்களே, கையை நல்லாக் கழுவிட்டு வாங்க" என்றார். அவருக்குக் கோபம் வந்தால்தான் எனக்கு 'அவர்களே' கிடைக்கும். கழுவிக்கொண்டு வந்தேன். அத்தனை வருடத்தில் முதல் தடவையாக என் விரலைப் பிடித்து ஓர் ஆளின் ஈறில் வைத்தார். புண்ணுக்குப் பக்கத்தில், தோலுக்கு அடியில், ஊசி முனை மாதிரி ஒன்று நின்றது. அசையவில்லை.

"இது காத்துக் குமிழா?" என்று கேட்டார்.



பிறகு ஈறை மேட்டின் உச்சியில் கீறி, முன்பக்கம் மட்டும் மெல்ல உரித்து ஒதுக்கினார். நான் உதட்டைத் தூக்கிப் பிடித்தேன். எலும்பு தெரிந்தது. ஒரு முள் இல்லை, மூன்று. நடுவில் பெரியது. கொறடால் அதன் நுனியைக் கிள்ளினார், கிள்ளின துண்டை என் கண்ணுக்கு முன்னால் தட்டில் போட்டார். பிறகு அரம். இழுப்பு, அலசல், மூடித் தடவல். மறுபடி திறப்பு. நாலு தடவை திறந்தார். கடைசித் தடவை மூடிவிட்டுத் தன் விரலை எடுத்துக்கொண்டு என் விரலை வைக்கச் சொன்னார். மேடு உருண்டையாக, வழவழவென்று, கூழாங்கல் மாதிரி இருந்தது. "சரிங்கய்யா" என்றேன். அப்புறம்தான் தைத்தார். ஆறு தையல்.

இதைத்தான் கேட்கிறேன். இது தயார் செய்வது இல்லையா? இதற்குப் பெயர் என்ன? திரை இல்லை, படம் இல்லை. விரலும் உப்புத் தண்ணீரும் பொறுமையும்தான் இருந்தன. அந்தப் பொறுமையை நான் மூன்று நாளுக்காக உடைத்தேன், ஒரு மனுசன் சோலி போச்சு. அதைத் தெரிந்தவன் சொல்கிறேன், இந்த வேலை நேற்று வந்த வேலை இல்லை.

அந்த மூன்று மாதம் சன்னாசி அண்ணன் ஏலக்காய்க் கடைத்தெருவிலேயே மூட்டை தூக்கினார். தட்டில் காய் எடுத்து நின்ற ஆள், தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு மூட்டை தூக்கினார். பழைய கடை வாசல் வழியாகத்தான் போக வேண்டும். மச்சினன் உள்ளே இருந்துகொண்டு, "என்ன சன்னாசி, கஞ்சிதானா இன்னைக்கும்?" என்பானாம். நான் வாரம் ஒரு நாள் அவர் வீட்டுக்குப் போய் வாசலில் நிற்பேன். அவர் மனைவி என்னைப் பார்த்தால் உள்ளே போய்விடுவார். அண்ணன் மட்டும், "வா மாப்ளே, உன் சோலியை வந்து பாரு" என்று வாயைத் திறந்து காட்டுவார். சிவப்பு. அடுத்த வாரம் கொஞ்சம் கம்மி. நான் இந்தக் கண்ணால் எத்தனை வாயைப் பார்த்திருக்கிறேன்! ஒரு ஈறு வெளுக்க வேண்டும் என்று சாமி கும்பிட்டது அப்போதுதான்.

கார்த்திகை கடைசியில் வெளுத்தது.

டாக்டர் விரலை வைக்கும் முன் சொன்னார்: "சன்னாசி, ஏலத்துல மூஞ்சியை மறைச்சுக்க. இங்க மறைக்காத."

"இந்தத் தடவை வலிச்சா உங்களை உதைச்சுருவேன்யா."

தடவினார். உதைக்கவில்லை. அச்சு எடுத்தார், மாவு ஊற்றினேன், கத்தியைத் தொடாமல் அச்சைக் கொண்டுபோய் அவர் மேசையில் வைத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, நீலப் பென்சிலால் எதுவுமே போடாமல் திருப்பிக் கொடுத்தார். போட இடம் இல்லை.

பல் இறங்கின அன்று சன்னாசி அண்ணன் மடியிலிருந்து ஒரு ஏலக்காயை எடுத்தார். நாற்காலியில் உட்கார்ந்தபடியே முன்பல்லுக்கு நடுவில் வைத்தார். நானும் டாக்டரும் மூச்சு விடவில்லை. சடக்.

"நல்லாக் காஞ்ச காய்" என்றார். டாக்டர் கண்ணாடியைத் துடைத்தார்.

நேரே பழைய கடைக்குப் போனோம். நானும் கூடவே போனேன், சாட்சிக்கு. முதலாளி கல்லாவை விட்டு எழுந்திருக்கவில்லை. "எடம் இல்லப்பா. மச்சினனை எப்படி எந்திரிக்கச் சொல்ல?" அவ்வளவுதான். அந்த மச்சினன் எத்தனை லோடு ஈரச் சரக்கை வாங்கினானோ, அந்த நஷ்டமெல்லாம் தேங்காய்ச் சில்லுப் பல்லால் வந்ததில்லை! நான் வாயைத் திறந்தேன். சன்னாசி அண்ணன் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

அதே தெருவில் கடைசியில் ஒரு சின்னக் கடை. வீட்டுக்காரர் இறந்த பிறகு ஓர் அம்மாதான் நடத்தினார். கழுத்தில் சிலுவை, கறாரான பேச்சு. சன்னாசி அண்ணனைத் தலை முதல் கால் வரை பார்த்துவிட்டு, மூன்று தட்டை முன்னால் தள்ளினார்.

"இதுல ஒண்ணு நேத்து என்னை ஏமாத்திட்டுப் போன சரக்கு. எதுன்னு சொல்லு பாப்போம்."

அண்ணன் ஒவ்வொரு தட்டிலும் ஒரு காய். ஆட்டவில்லை, கீறவில்லை. கடித்தார். சடக். சடக். மூன்றாவதில் சத்தம் இல்லை. மூஞ்சியில் ஒன்றும் இல்லை. மூன்றாவது தட்டை விரலால் அந்த அம்மா பக்கமே தள்ளினார்.

"மேலாப்புல காஞ்ச மாதிரி இருக்கும் ஆத்தா. உள்ள பச்சை. ரெண்டு நாள் வெயில் வேணும்."

அந்த அம்மா தட்டைப் பார்த்தார், அவர் வாயைப் பார்த்தார். "பல்லு போச்சுன்னு ஊரே சொல்லுச்சு. இது யாரு பல்லு?"

நான் ஓரடி முன்னால் வந்தேன். கட்டினவன் நான்தான் என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது.

"எம் பல்லுதான் ஆத்தா. வேற யாரு பல்லு?" என்றார் சன்னாசி அண்ணன்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நாலு மாதம் நான் பட்ட பாடு! அவரைத் திரும்பிப் பார்த்தேன். ஏலத்து மூஞ்சி இல்லை. கண்ணோரமெல்லாம் சிரிப்பு. நாக்கால் முன்பல்லைத் தடவிக்கொண்டிருந்தார், முளைத்த பல்லைத் தடவுகிற மாதிரி.

"அந்தக் கடைசி மூட்டையை அவிழுங்க, பார்ப்போம்" என்று உள்ளே போனார் சன்னாசி அண்ணன். நான் படியிறங்கி, ஆஸ்பத்திரியில் மாவு காய்ந்துகொண்டிருக்குமே என்று வெரசாக நடந்தேன்.